இடமாறு கூறுகளால் மரபணுக் குறியிடல்

இடமாறு கூறுகளால் மரபணுக் குறியிடல் என்பது, மரபுத்தொகையில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவக்கூடிய டி.என்.ஏ. துண்டுகளைக் கொண்டு தாவர மரபணுக்களைச் செயலிழக்கச் செய்து, அவற்றை இனங்காணும் முறையாகும். கதிர்வீச்சினால் உண்டாகும் சடுதிமாற்றம் எந்த மரபணுவில் நேர்ந்தது என்று கண்டறிவது கடினம். இம்முறையிலோ, நுழைந்த கூறே குறிச்சீட்டுப் போல அங்கே தங்கிவிடுகிறது. அதன் வரிசை முன்பே தெரிந்தது ஆதலால், அதனை ஒட்டியுள்ள டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தால் சிதைந்த மரபணு கிடைத்துவிடும்.

மக்காச்சோளத்தின் கூறுகள்

பார்பரா மெக்லின்டாக் 1940களில் மக்காச்சோளத்தில் ஏசி, டிஎஸ் என்னும் இரு கூறுகளைக் கண்டறிந்தார். இடமாறு கூறுகளைக் கண்டறிந்தமைக்காக 1983 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. தாவுவதற்கு வேண்டிய நொதியை ஏசி தானே ஆக்கும். டிஎஸ், ஏசி உடனிருந்தால் மட்டுமே தாவும். எனவே கலப்பின் மூலம் ஏசியை நீக்கினால் டிஎஸ் அசையாது, சடுதிமாற்றம் நிலைபெறும். 1984 இல் நினா பெடரோஃப் குழுவினர், ஏசி நுழைந்திருந்த 'பிரான்ஸ்' என்னும் நிற மரபணுவை இவ்வாறு பிரித்தெடுத்தனர்.

குறித்த மரபணுவைத் தாக்குதல்

கூறு எங்கே விழும் என்பதை ஆய்வாளர் தீர்மானிக்க முடியாது. ஆயினும் இவை பெரும்பாலும் அதே நிறப்புரியில், அருகிலுள்ள இடங்களுக்கே தாவுகின்றன. ஆகவே வேண்டிய மரபணுவுக்கு அருகே டிஎஸ் உள்ள செடியிலிருந்து தொடங்குவது வழக்கம்.

இதற்குச் சிறந்த சான்று தக்காளியின் சிஎஃப்-9. இலைப்பூஞ்சண நோயை எதிர்க்கும் இம்மரபணு, பூஞ்சணத்தின் ஏவிஆர்9 என்னும் புரதத்தை உணர்ந்ததும் அவ்விடத்து உயிரணுக்களை மடியச் செய்யும். இங்கிலாந்தின் நாரிச் நகர ஆய்வாளர்கள் அப்புரதத்தைத் தக்காளிச் செடியே ஆக்கும்படி செய்து, டிஎஸ் தாவும் சிஎஃப்-9 செடிகளுடன் கலந்தனர். சிஎஃப்-9 பழுதின்றி இருந்த நாற்றுகள் யாவும் மடிந்தன. அது சிதைந்தவை மட்டும் பிழைத்தன. ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நோயூட்டிச் சோதிக்கும் உழைப்பு இதனால் மிச்சமாயிற்று. மரபணு 1994 இல் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் புகையிலையின் தேமல் நச்சுயிரி எதிர்ப்பு மரபணுவும் ஏசி கொண்டு பிரித்தெடுக்கப்பட்டது.

ஒரே பணியைச் செய்யும் மரபணுக்கள் பல இருப்பின் இம்முறை பயன்தராது; ஒன்று சிதைந்தாலும் செடியில் மாற்றம் தோன்றாது.

அண்மைய முயற்சி

கூறு விழும் இடத்தையே தீர்மானிக்கும் முறை 2024 இல் வெளியானது. நெல்லின் 'பாங்' என்னும் கூறினது தாவல் நொதியைக் கேஸ்9 போன்ற வெட்டு நொதியுடன் இணைத்து, அரபிடாப்சிசு, சோயா ஆகியவற்றில் குறித்த இடத்தில் டி.என்.ஏ.வை நுழைத்துள்ளனர்.