கண்ணாடி உருண்டையும் வீட்டுக் கைத்தொழிலும்: நத்தார் அலங்காரத்தில் 'பழைமை' பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நத்தார்ப் பண்டிகையை ஒட்டி மேலைநாடுகளில் விற்பனைக்கு வரும் அலங்காரப் பொருள்களுட் கணிசமானவை இன்று 'பழைய பாணி' என்ற பெயருடனேயே விற்கப்படுகின்றன. புதிதாக ஊதப்பட்ட கண்ணாடி உருண்டைக்கு வேண்டுமென்றே மங்கிய வண்ணம் தீட்டப்படுகின்றது. அது வைக்கப்படும் அட்டைப்பெட்டியும் எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முந்திய பெட்டியொன்றின் சாயலில் அச்சிடப்படுகின்றது. வாங்குவோர் தம் பாட்டன் பாட்டி வீட்டு மரத்தைத் தம் வீட்டில் மீண்டும் காண விழைகின்றனர். இதனை வெறும் வணிக உத்தியென வரலாற்று மாணவன் ஒதுக்கிவிடக்கூடும். ஆயின், எந்தப் பழைமை இங்கு மீளாக்கம் பெறுகின்றது, அதன் எந்தப் பகுதி மீளாக்கம் பெறாது விடப்படுகின்றது என்ற வினாவை எழுப்பினால், அச்சிறு உருண்டை ஒன்றரை நூற்றாண்டு உழைப்பின் வரலாற்றுக்குச் சான்றாகிவிடுகின்றது. அவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்ற சொல்லின் வழியாக நாம் 'நத்தார்' என்கின்றோம். நத்தார் மரமோ போர்த்துக்கேயருக்குரியதன்று. ஜேர்மன் மொழி பேசும் நிலங்களுக்குரியது. 1605ஆம் ஆண்டளவில் ஸ்ராஸ்பேர்க் நகரத்து வீடுகளில் வைக்கப்பட்ட மரங்களில் கடதாசி ரோசாக்கள், அப்பிள்கள், மெல்லிய அப்பத் துண்டுகள், இனிப்புகள் ஆகியன தொங்கவிடப்பட்டன என்ற குறிப்பு உண்டு. அதாவது, தொடக்கத்தில் மரத்தின் அலங்காரம் உண்ணத்தக்கதாக இருந்தது. பண்டிகை முடிந்ததும் அது சிறுவரின் வயிற்றுக்குச் சென்றது. ஆண்டுக்காண்டு பெட்டியிற் பேணி, பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லத்தக்க அலங்காரம் என்ற எண்ணம் மிகப் பிற்பட்டது. அவ்வெண்ணத்துக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

அக்கண்ணாடி தூரிங்கிய வனப்பகுதியின் மலைக்கிராமமான லௌஷாவிலிருந்து வந்தது. 1597இல் ஹான்ஸ் கிரைனர், கிறிஸ்தோப் முல்லர் என்னும் இருவர் அங்குக் கண்ணாடி உலை அமைத்தனர். உலைக்கு விறகும் கண்ணாடிக்கு மணலும் அருகிலேயே கிடைத்தமை கிராமம் அங்குத் தோன்றக் காரணமாயிற்று. காலப்போக்கில், உலையிற் செய்த கண்ணாடிக் குழாய்களை வீட்டுக்குக் கொண்டுசென்று விளக்குச் சுவாலையில் இளக்கி மணிகளும் பொம்மைக் கண்களும் செய்யும் தொழில் பரவிற்று. நத்தார் உருண்டை இத்தொழிலின் கிளையேயாகும்.

அதன் தோற்றம் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. அப்பிளும் கொட்டையும் வாங்க வசதியற்ற ஏழைக் கண்ணாடித் தொழிலாளி ஒருவர் 1847இல் தம் பிள்ளைகளின் மரத்துக்காக அவற்றைக் கண்ணாடியிலேயே ஊதினார் என்பது அக்கதை. இன்றைய விற்பனைப் பிரசுரங்கள் இதனை விரும்பி எடுத்துரைக்கின்றன. சான்றாகக் கிடைப்பதோ வேறு: 1848ஆம் ஆண்டின் கட்டளைப் புத்தகம் ஒன்றில், வெவ்வேறு அளவுகளில் ஆறு டசின் நத்தார் உருண்டைகளுக்கான கட்டளை பதிவாகியுள்ளது. தந்தையின் அன்பு பொய்யென்று நாம் கூறவேண்டியதில்லை. எனினும் வரலாற்றின் கண்ணில் இப்பொருள் முதன்முதலிற் படும்போதே அது டசின் கணக்கில் விற்கப்படும் பண்டமாக இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1867இல் லௌஷாவில் வாயு உற்பத்திச் சாலை நிறுவப்பட்டமை ஒரு திருப்பமாகும். வாயுச் சுவாலை சூடு மிக்கது. வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் கூடியது. அதனால் முன்னரிலும் பெரிய, மெல்லிய சுவருடைய உருண்டைகளை ஊத முடிந்தது. உட்புறம் பளபளக்க முன்னர் ஈயமும் அதுபோன்ற உலோகங்களும் பயன்பட்டன. யுஸ்துஸ் லீபிக் என்ற இரசாயன அறிஞர் கண்டறிந்த முறையைத் தழுவி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலால் உட்பூச்சிடும் வழக்கம் பின்னர் வந்தது. இன்று நாம் 'பழைய நத்தார் உருண்டையின் ஒளி' என்று கருதுவது இவ்வெள்ளிப் பூச்சின் ஒளியே.

இனி, இவ்வேலை நடந்த இடத்தை நோக்குதல் வேண்டும். அது தொழிற்சாலையன்று, குடும்பம் சமைத்து உண்டு உறங்கிய வீடு. கணவன் சுவாலை முன் அமர்ந்து குழாயை இளக்கி, வெறுமனேயோ இருபாதி அச்சினுள் வைத்தோ ஊதினான். மனைவி கரைசலை ஊற்றிக் குலுக்கி வெள்ளி படியச் செய்தாள். பின்னர் உருண்டைகள் வண்ணத்திற் தோய்க்கப்பட்டு, ஆணிகள் அடித்த பலகைகளில் நீண்ட கழுத்துகள் செருகப்பட்டு, வீட்டின் சூட்டிலேயே உலரவிடப்பட்டன. கழுத்தை வெட்டுவதும் உலோக மூடியைப் பொருத்துவதும் பெரும்பாலும் பிள்ளைகளின் பணி. முடிந்த பண்டத்தைப் பெண்கள் முதுகுக் கூடையிற் சுமந்து, சொன்னெபேர்க் நகரத்து வணிகரிடம் மலைப்பாதையில் நடந்து சென்று ஒப்படைத்தனர். இருப்புப்பாதை லௌஷாவுக்கு வந்தது 1886இலேயே.

விலையைத் தீர்மானித்தவர் சொன்னெபேர்க் வணிகர். பொம்மைத் தொழிலின் மையமாக விளங்கிய அந்நகரம், சுற்றுவட்டாரக் கிராமங்களின் வீட்டு உழைப்பு முழுவதையும் தன் கையில் வைத்திருந்தது. கருவியும் வீடும் தொழிலாளியுடையவை; எரிபொருட் செலவும் உடைந்த உருண்டையின் நட்டமும் அவனுடையவை; சந்தை மாத்திரம் வணிகனுடையது. ஆலைத் தொழிலாளிக்குச் சுவருக்கு அப்பாலாவது ஒரு வீடு இருந்தது. லௌஷாவின் பிள்ளைக்கு அதுவும் இல்லை என்று கூறினால் மிகையாகாது.

இப்பண்டத்தை உலகச் சந்தைக்கு ஏற்றியவருள் முதன்மையானவர் அமெரிக்க வணிகர் வூல்வேர்த். 1879இல் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்ரர் நகரில் ஐந்து சதக் கடையைத் தொடங்கிய அவர், 1880இல் இறக்குமதியாளர் ஒருவரின் வற்புறுத்தலால், அரைமனதுடன் ஏறத்தாழ 25 டொலர் பெறுமதியான கண்ணாடி அலங்காரங்களை வாங்கினார். அவை இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன என்பர். 1890இல் அவரே ஐரோப்பாவுக்குச் சென்று ஜேர்மனியில் நேரடியாகக் கொள்வனவு செய்தார். ஐந்து சதத்துக்கும் பத்துச் சதத்துக்கும் விற்கும் கடையின் கணக்குச் சரிவர வேண்டுமாயின், மறுமுனையில் உழைப்பு எவ்வளவு மலிவாக இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாங்கும் ஆவலும் தானே தோன்றியதன்று. 1848இல் இலண்டன் வாரப் பத்திரிகையொன்று விக்ரோறியா மகாராணியாரின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் சித்திரத்தை வெளியிட்டது. 1850இல் அமெரிக்க மகளிர் சஞ்சிகையான 'கோடீஸ் லேடீஸ் புக்' அதே சித்திரத்தை மீண்டும் அச்சிட்டபோது, அரசியின் தலையணியையும் இளவரசர் அல்பேட்டின் மீசையையும் நீக்கிவிட்டது. அரச குடும்பம் ஒரு கணத்தில் அமெரிக்க நடுத்தர வகுப்புக் குடும்பமாயிற்று! நத்தார் மரபு அத்திலாந்திக்கைக் கடந்ததே ஒரு திருத்திய பிரதியின் மூலமாகத்தான். எனவே அசல் எது, போலி எது என்ற வாதத்தை இத்துறையில் மிகுதியாக வளர்த்தலாற் பயனில்லை. எரிக் ஹொப்ஸ்போமும் ரெறன்ஸ் றேஞ்சரும் 1983இல் தொகுத்து வெளியிட்ட மரபுப் புனைவு பற்றிய நூலைப் படித்தோர்க்கு இது வியப்பளிக்காது. அமெரிக்காவில் 'தொன்மையான ஜேர்மன் வழக்கம்' என்ற விளக்கத்துடன் விற்கப்படும் கண்ணாடி வெள்ளரிக்காய் அலங்காரத்தை ஜேர்மனியிற் பெரும்பாலோர் கேள்விப்பட்டதேயில்லை என்பதையும் இங்குச் சேர்த்துக் கொள்ளலாம்.

வீட்டுக் கைத்தொழிலின் அவலம் அக்காலத்தவர்க்குத் தெரியாததன்று. 1903இல் ஜேர்மனியிற் பிறப்பிக்கப்பட்ட சிறுவர் உழைப்புச் சட்டம் பெற்றோர் தம் சொந்தப் பிள்ளைகளை வேலைக்கமர்த்துவதையும் கட்டுப்படுத்த முனைந்தது. வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடப்பதை எந்தப் பரிசோதகர் காண்பார் என்பது வேறு கதை. 1906இல் பேர்லினில் வீட்டுக் கைத்தொழிற் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. பண்டங்களின் அழகைக் காட்டுவது அதன் நோக்கமன்று. அவற்றைச் செய்ய எடுத்த நேரமும் கிடைத்த கூலியும் பண்டங்களுடன் எழுதி வைக்கப்பட்டன. அதற்கான சுவரொட்டியைக் கேத்தே கொல்விற்ஸ் வரைந்தார். களைத்துப்போன தொழிலாளப் பெண்ணொருத்தியின் முகமே அதில் இருந்தது. பேரரசி அச்சுவரொட்டி அகற்றப்பட்டாலன்றிக் கண்காட்சிக்கு வரமறுத்தார். பண்டத்தைப் பார்க்கலாம், அதைச் செய்தவளின் முகத்தைப் பார்க்கலாகாது என்ற இம்மனப்பாங்கு, எமது பொருளுக்கு வேறெந்தச் சான்றையும் விட அண்மையது.

அமெரிக்கச் சந்தையின் இரண்டாம் கட்டம் மக்ஸ் எக்கார்ட் என்பவருடன் தொடங்குகின்றது. ஜேர்மனியிலிருந்து கண்ணாடி அலங்காரங்களை இறக்குமதி செய்துவந்த அவர், போர் நெருங்குவதை உணர்ந்து 1937இல் 'ஷைனி பிறைற்' என்ற கம்பனியை நிறுவினார். கோர்னிங் கண்ணாடிக் கம்பனி பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோ நகரில் மின்குமிழ் செய்ய வைத்திருந்த இயந்திரமே உருண்டை செய்வதற்கும் பயன்பட்டது. 1939இல் அவை வூல்வேர்த் கடைகளுக்கு வந்தன. அடுத்த ஆண்டில் நாளொன்றுக்கு 3,00,000 வரை உற்பத்தியாகின. லௌஷாவில் ஊதுவோனின் மூச்சு நிர்ணயித்த அளவை இங்கு இயந்திரம் நிர்ணயித்தது. வண்ணக் கோடுகளை மாத்திரம் எக்கார்ட்டின் தொழிற்சாலைகளிற் கைகள் தீட்டின.

ஆயின் அமெரிக்கா போரில் இறங்கியதும் உலோகங்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. உட்பூச்சுக்கு வெள்ளி இல்லாமற் போகவே, உருண்டைகள் உள்ளே வெறுமையான தெளிந்த கண்ணாடியாக, மெல்லிய வண்ணக் கோடுகளை மாத்திரம் கொண்டு வெளிவந்தன. சிலவற்றுள் ஒளிக்காகச் சிறு சரிகைத் துணுக்கு இடப்பட்டது. உலோக மூடிக்குப் பதிலாக அட்டைத் துண்டு பொருத்தப்பட்டது. வாங்கியவர்கள் அதில் நூல் கட்டித் தொங்கவிட்டனர். பெட்டியின் மேலே நத்தார்த் தாத்தாவும் அமெரிக்க நாட்டின் உருவகமான 'சாம் மாமா'வும் கைகுலுக்கினர். ஜேர்மன் சரக்கன்று, உள்நாட்டுச் சரக்கு என்பதே அப்படத்தின் பொருள். இன்று பழம்பொருள் சேகரிப்போர் அட்டை மூடியைக் கண்டால் 1940களின் முற்பகுதி என்று காலங்கணித்துவிடுகின்றனர். இல்லாமையினாற் பிறந்த தோற்றம், இருப்பவர்களின் இரசனைக்குரிய அழகாகிவிட்டது. தூரிங்கியக் குடிசையின் வறுமைக்கு நேர்ந்ததும் இதுவே.

போருக்குப் பின் வந்தவற்றை விரைந்து கடக்கலாம். 1959 முதல் விஸ்கொன்சின் மாநிலத்து மனிற்றோவொக் நகரிற் செய்யப்பட்ட அலுமினிய மரங்கள் சில ஆண்டுகள் பெருவழக்காயிருந்து, 1960களின் இறுதியில் இகழ்ச்சிக்குரியனவாகி, இந்நூற்றாண்டில் மீண்டும் விரும்பப்படுகின்றன. ஈயச் சரிகை நச்சுத்தன்மை காரணமாக 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தையை விட்டு நீங்கிற்று. அதன் சாயலைப் பிளாத்திக்குக் கொடுத்து வருகின்றது.

கண்ணாடியின் மீள்வருகைக்கு 1983ஆம் ஆண்டின் விபத்தொன்றைக் காரணமாகக் கூறுவர். நியூ யோர்க் மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ்தோபர் றட்கோவின் குடும்ப மரம் சாய்ந்து, தலைமுறைகளாகச் சேர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருண்டைகள் நொறுங்கின. அவற்றுக்கு ஈடாகக் கடைகளிற் பிளாத்திக்கே கிடைத்தது. போலந்துக்குச் சென்ற அவர், பழைய முறையில் ஊதத்தெரிந்த தொழிலாளி ஒருவரைக் கண்டுபிடித்துப் பிரதிகள் செய்வித்தார். அது சில ஆண்டுகளிற் பெரும் வணிகமாயிற்று. 'ஷைனி பிறைற்' என்ற பெயரையும் அவரது நிறுவனமே பின்னர் மீட்டெடுத்தது. இயந்திரத்திற் செய்யப்பட்டதன் பிரதி கையால் ஊதப்படும் விந்தை இவ்வாறு நேர்ந்தது. றட்கோவின் துயரம் உண்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்துயரத்துக்கு மருந்து கிடைத்த இடம், கைத்திறன் இன்னும் மலிவாயிருந்த சோசலிசப் போலந்து என்பதும் வரலாற்றுண்மையே.

லௌஷாவோ ஜேர்மன் சனநாயகக் குடியரசின் எல்லைக்குள் அமைந்தது. அங்கு உற்பத்தி அரச நிறுவனத்தின் கீழ் வந்தது. கண்ணாடித் தொழிலாளர் சிலர் எல்லை கடந்து, மேற்கே கோபேர்க் நகருக்கு அண்மையிலுள்ள நொயிஸ்ராட் என்ற ஊரிற் தொழிலைத் தொடர்ந்தனர். 1990இல் நாடு ஒன்றிணைந்த பின் லௌஷாவின் தொழில் மீண்டும் தனியார் கைகளுக்கு மாறிற்று. பழைய அச்சுகள் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தன. கையால் கண்ணாடி செய்யும் அறிவும் திறனும் 2023இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் ஜேர்மனி உள்ளிட்ட ஆறு நாடுகளின் பெயரிற் சேர்க்கப்பட்டன. மரபுரிமை என்ற சொல் திறனைக் காக்கின்றது. ஆணிப் பலகையின் அருகே இரவு விழித்திருந்த பிள்ளையைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவுமில்லை.

பழைய உருண்டையை மதிப்பிடும் சேகரிப்பாளர் முதலில் அதன் மூடியைக் கழற்றிப் பார்க்கின்றனர். இயந்திரம் செய்த கழுத்து ஒரே அளவாய், வழுவழுப்பாய் இருக்கும். லௌஷாவிலிருந்து வந்ததாயின், மூடியின் கீழே மறைந்திருக்கும் விளிம்பு ஒழுங்கற்று, ஓரிடத்திற் கூராக, ஓரிடத்திற் சில்லுப் பெயர்ந்து காணப்படும். அது கையால் வெட்டிய இடம்.