சென்னை–இலண்டன் வான்வழித் தொலைவு

சென்னை–இலண்டன் வான்வழித் தொலைவு என்பது சென்னைப் பன்னாட்டு விமான நிலையத்துக்கும் இலண்டன் ஈத்ரோ விமான நிலையத்துக்கும் இடையே புவி மேற்பரப்பின் மீது அளக்கப்படும் மிகக் குறுகிய தொலைவு ஆகும். இது ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர். விமானங்கள் உண்மையில் பறக்கும் தொலைவு இதைவிடக் கூடுதலாகும்.

பெருவட்டப் பாதை

கோளத்தின் மீதுள்ள இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு வில்லாகும். தட்டையான உலகப் படத்தில் சென்னையையும் இலண்டனையும் அளவுகோலால் இணைத்தால் கோடு அரபிக்கடல், ஈராக், துருக்கி வழியாகச் செல்லும். பெருவட்டமோ இதற்கு வடக்கே வளைந்து பாக்கித்தான், ஈரான், காசுப்பியன் கடல், தெற்கு உருசியா, உக்ரைன், செருமனி ஆகியவற்றின் மேல் செல்கிறது. இவ்வழியின் நடுப்புள்ளி அசர்பைசானின் பக்கூ நகருக்குத் தெற்கே காசுப்பியன் கடலில் விழுகிறது. சென்னையில் வடமேற்கு நோக்கிப் புறப்படும் இக்கோடு, இலண்டனைக் கிட்டத்தட்ட நேர் கிழக்கிலிருந்து அடைவது குறிப்பிடத்தக்கது.

எனினும் இப்பாதையை அப்படியே பின்பற்ற இயல்வதில்லை. 2014 சூலை 17 அன்று மலேசியா ஏர்லைன்சின் எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 298 பேரும் உயிரிழந்தனர். 2022 பெப்ரவரியில் போர் தொடங்கியதும் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதே மாதம் உருசியா பிரித்தானிய விமானங்களுக்குத் தடை விதித்தது. 2025 ஏப்ரலில் பாக்கித்தான் இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. சூன் மாதத்தில் ஈரான் வான்வெளியும் போரினால் மூடப்பட்டது. இத்தகைய காலங்களில் விமானங்கள் தெற்கே விலகிச் செல்வதால் எரிபொருட் செலவும் நேரமும் கூடுகின்றன.

பயண நேரம்

மணிக்கு 900 கிமீ வேகத்தில் 8,230 கிமீ தொலைவைக் கடக்க ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சுற்றுவழி, ஏற்ற இறக்கம் முதலியவற்றைச் சேர்த்தால் நிறுத்தமில்லாப் பயணத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 11 மணி நேரம் ஆகிறது. உயர்வளியில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக்காற்று உதவுவதால், இலண்டனிலிருந்து சென்னை வரும் பயணமே பொதுவாக விரைவானது. இந்திய நேரம் இலண்டன் நேரத்தைவிடக் குளிர்காலத்தில் 5.30 மணியும் கோடையில் 4.30 மணியும் முந்தியது. ஆகவே கடிகாரத்தை மட்டும் பார்த்துப் பயண நேரத்தைக் கணக்கிடுதல் கூடாது.

கடல்வழி

விமான நிலையத்துக்குத் தென்-தென்கிழக்கே சுமார் 25 கிமீ தொலைவில் கடற்கரையிலுள்ள கோவளம், முற்காலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் வந்துசென்ற துறைமுகமாகும். இன்றைய பெல்சியத்தின் ஒசுட்டெண்டு நகரிலிருந்து இயங்கிய ஒசுட்டெண்டு நிறுவனத்துக்கு 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு ஒரு வணிக நிலையம் இருந்தது. இந்நிறுவனம் 1722இல் பேரரசர் ஆறாம் சார்லசிடம் உரிமைப் பட்டயம் பெற்றது. பிரித்தானிய, ஒல்லாந்து எதிர்ப்பால் 1727இல் அப்பட்டயம் நிறுத்திவைக்கப்பட்டது. சுயசுக் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டமையால், அக்கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதங்கள் பயணம் செய்தே கோவளத்தை அடைந்தன. சென்னை–இலண்டன் பெருவட்டக் கோடு, இங்கிலாந்தை எட்டுவதற்குச் சற்று முன், அதே ஒசுட்டெண்டுக்கு மிக அருகில் வடகடலின் மேல் செல்கிறது.