நான்கு மூலைப் பூட்டு பிறந்த கதை

எண்ணூர் நெடுஞ்சாலையிலோ தூத்துக்குடி துறைமுகச் சாலையிலோ கன்டெய்னர் லாரி ஒன்று ஓரங்கட்டி நின்றால், பெட்டியின் அடி மூலையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வார்ப்பு எஃகில் செய்த கனத்த கட்டி ஒன்று அங்கே இருக்கும். அதில் நீள்வாட்டில் ஒரு துளை. ட்ரெய்லரிலிருந்து மேலெழும் எஃகுத் தலை அந்தத் துளைக்குள் நுழைந்து, குறுக்கே திரும்பி நிற்கும். இப்படி நான்கு மூலைக்கு நான்கு. சரக்கோடு முப்பது டன் அளவுக்கு எடை வரும் பெட்டி, மேடு பள்ளத்திலும் வளைவிலும் வண்டியை விட்டு அகலாமல் இருப்பது இந்த நான்கு தலைகளால்தான். லாரிக்காரர்கள் இதை வெறுமனே ‘லாக்’ என்பார்கள். முழுப்பெயர் ட்விஸ்ட் லாக்.

உலக வணிகத்தை மாற்றியது கன்டெய்னர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் புகழில் பாதியையாவது இந்தப் பூட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. சரக்கைப் பெட்டியில் அடைத்து, பெட்டியோடு தூக்கி ஏற்றும் யோசனை பழையது. 1920, 30-களிலேயே பிரிட்டனின் ரயில் நிறுவனங்கள் அதைச் செய்தன. குதிரை வண்டியிலும் லாரியிலும் வந்த பெட்டிகளை க்ரேனால் தூக்கி, தட்டை வேகன்களில் வைத்துச் சங்கிலியால் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவமும் எஃகுப் பெட்டிகளில் தளவாடம் அனுப்பியது. பெட்டி இருந்தும் புரட்சி வரவில்லை. ஏற்றுவதில் மிச்சமான நேரத்தையும் கூலியையும் கட்டுவதும் அவிழ்ப்பதும் தின்றுவிட்டன.

வண்டித் தளத்தில் பெட்டியைக் கட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை ஒரு கணக்கு காட்டும். லாரியில் ஏற்றிய சுமையைப் பிடித்திருக்கும் கட்டு, முன்பக்கமாகப் புவியீர்ப்பின் 0.8 மடங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 மடங்கு விசையையும் தாங்க வேண்டும் என்கின்றன இன்றைய அமெரிக்கச் சாலை விதிகள். 30 டன் பெட்டி என்றால், திடீர் பிரேக்கில் 24 டன் எடைக்கு ஈடான விசை அதை முன்னே தள்ளும். சங்கிலியால் அதைத் தாங்க முடியும். ஆனால் சங்கிலியை மாட்டி இறுக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். வண்டி அதிர அதிர அது தளரும். பெட்டியின் மெல்லிய தகட்டில் கண்ட இடத்தில் அழுத்தி நெளிக்கும். போய்ச் சேர்ந்த ஊரில் அத்தனையையும் மறுபடி அவிழ்க்க வேண்டும்.

இந்தச் சிக்கலில் இறங்கியவர் கீத் டான்ட்லிங்கர். 1919-இல் கலிபோர்னியாவில் பிறந்து, பெர்க்லியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். போர்க்காலத்தில் டக்ளஸ் விமான நிறுவனத்தில் பி-17 குண்டுவீச்சு விமானங்களைத் தயாரிப்பதற்கான கருவிகளை வடிவமைத்தார். பிறகு வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் ட்ரெய்லர் கட்டும் பிரவுன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1949-இல் 30 அடி நீள அலுமினியப் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். சியாட்டலுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே ஓடிய தோணிகளில் அதை இரண்டடுக்காக வைக்கலாம். கரையில் சக்கரச் சட்டத்தில் ஏற்றி லாரியால் இழுத்தும் போகலாம். முதலில் வந்த ஓர் ஆர்டருக்குப் பிறகு வேறு வாடிக்கையாளர் வரவில்லை. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அதைச் சுற்றிக் கப்பல், க்ரேன், லாரி எல்லாவற்றையும் மாற்றத் துணிந்த முதலாளி இல்லை.

அந்த முதலாளி 1955-இல் வந்தார். மால்கம் மக்லீன் வட கரோலினாக்காரர். ஒரு பழைய லாரியில் தொடங்கிப் பெரிய லாரி நிறுவனம் கட்டியவர், அப்போது ஒரு கப்பல் நிறுவனத்தை வாங்கியிருந்தார். லாரியின் மேற்பெட்டியை மட்டும் கழற்றிக் கப்பலில் ஏற்றுவது அவர் கனவு. டான்ட்லிங்கர் மாதிரிப் பெட்டிகளை அனுப்பிவைத்தார். மக்லீனும் அவருடன் வந்தவர்களும் கப்பல் கட்டும் தளத்தில் அந்தப் பெட்டியின் கூரை மேலேறிக் குதித்துப் பார்த்தார்கள். கூரை நெளியவில்லை. டான்ட்லிங்கரைத் தன் நிறுவனத்துக்கே தலைமைப் பொறியாளராக அழைத்துக்கொண்டார் மக்லீன்.

1956 ஏப்ரல் 26-இல், நியூ ஜெர்சியின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளுடன் ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. உதிரிச் சரக்கைக் கப்பலில் ஏற்ற அன்று டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆனது. இந்தக் கப்பலுக்கு ஆனது 16 சென்ட்டுக்கும் குறைவு. ஆனால் பெட்டிகள் மேல்தளத்தில் ஒற்றை அடுக்காகவே நின்றன. கப்பலின் வயிற்றுக்குள் அடுக்கடுக்காகப் போனால்தான் லாபம் நிலைக்கும்.

அடுக்குவது என்று வந்ததும், எடை எங்கே இறங்கும் என்ற கேள்வி எழுந்தது. மெல்லிய அலுமினியச் சுவர் மேலுள்ள பெட்டிகளைத் தாங்காது. ஆகவே பெட்டியின் நான்கு முனைகளிலும் எஃகுத் தூண்களை நிறுத்தினார் டான்ட்லிங்கர். அடுக்கின் பாரம் முழுவதும் தூண் வழியாகத் தூணுக்கு இறங்கியது. அப்படியானால் பெட்டியில் உறுதியான இடம் மூலை ஒன்றுதான். தூக்குவதும் அங்கேதான், அடுக்குவதும் அங்கேதான், வண்டியோடு பூட்டுவதும் அங்கேதான். மூன்று வேலைகளும் ஒரே எஃகுக் கட்டியில் வந்து கூடியதைத்தான் இந்தப் பூட்டின் பிறப்பு என்று நான் சொல்வேன்.

மீதி வடிவமைப்பு அந்த முடிவிலிருந்து வரிசையாகக் கிளைத்தது. க்ரேனின் அடியில் பெட்டியின் நீள அகலத்துக்குச் சரியான ஒரு சட்டம் தொங்கியது. க்ரேன் ஓட்டுபவர் தன் அறையில் இருந்தபடியே நான்கு மூலைகளையும் பற்றலாம், விடலாம். பெட்டி மேல் ஆள் ஏறிக் கொக்கி மாட்ட வேண்டியதில்லை. லாரியின் சக்கரச் சட்டத்துக்குச் சரிந்த விளிம்புகள் வைத்தார். கொஞ்சம் தள்ளி இறங்கும் பெட்டியும் சறுக்கித் தன் இடத்தில் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் மூலைக்கு ஒரு கைப்பிடியைத் திருப்பினால் போதும். சங்கிலி வேலை அங்கே முடிந்தது.

1957 அக்டோபர் 4-இல் ‘கேட்வே சிட்டி’ என்ற கப்பல் 226 பெட்டிகள் கொள்ளும் வசதியோடு நியூவார்க்கிலிருந்து மயாமிக்குப் புறப்பட்டது. சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அதே நாளில்தான். கப்பலுக்குள் பெட்டிகள் எஃகு வழிகாட்டிக் கம்பங்களுக்கு நடுவே இறங்கின. பெட்டிக்கும் கம்பத்துக்கும் இடையே விட்ட சிறு இடைவெளியில், அலையடிக்கும்போது பெட்டிகள் மோதி உடையுமோ என்ற பயம் பலருக்கு இருந்தது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணை டான்ட்லிங்கர் கடையில் வாங்கிவந்து, அந்த இடைவெளிகளில் துண்டு துண்டாக வைத்தார். மயாமியில் பார்த்தபோது களிமண் நசுங்கியிருந்த அளவு 5/16 அங்குலம், அதாவது சுமார் 8 மில்லிமீட்டர். பெட்டிகள் அவ்வளவுதான் அசைந்திருந்தன. நல்ல பிடிப்பு என்றால் துளி அசைவும் இல்லாத பிடிப்பு என்று நினைக்கிறோம். கப்பலும் லாரியும் ஓட்டத்தில் முறுகிக்கொண்டே இருக்கும். அந்த முறுக்கத்துக்கு அளந்து இடம் விடும் பிடிப்பே உடையாமல் நிற்கும்.

அதன் பிறகு மற்ற நிறுவனங்களும் ஓடிவந்தன. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அளவு, தனக்கென ஒரு பூட்டு. மக்லீனின் பெட்டி 35 அடி. ஹவாய்க்குச் சரக்கு கொண்டுபோன மேட்சன் நிறுவனத்தின் பெட்டி 24 அடி. இன்னொன்று 17 அடி. ஒருவர் பெட்டியை இன்னொருவர் க்ரேன் தூக்காது. இன்னொருவர் லாரி சுமக்காது. 1961-இல் அமெரிக்கத் தர அமைப்பு 10, 20, 30, 40 அடிகளே இனித் தர அளவுகள் என்று தீர்மானித்தது. மக்லீனின் 35-க்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. நீளத்தில் உடன்பாடு வந்தும் மூலைப் பூட்டில் இழுபறி நீடித்தது. போட்டி வடிவங்களும் காப்புரிமைகளும் குறுக்கே நின்றன.

டான்ட்லிங்கர் அப்போது வேறொரு ட்ரெய்லர் நிறுவனத்தில் இருந்தார். தன் பழைய முதலாளியிடமே போய், மூலைக்கட்டிக்கும் பூட்டுக்குமான காப்புரிமையைப் பொதுவுக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்டார். தன் பெட்டியின் நீளத்தை ஒதுக்கிய அந்தத் தர அமைப்பின் மேல் மக்லீனுக்கு நன்றிக்கடன் எதுவும் இல்லை. ஆனாலும் 1963-இல் அவர் நிறுவனம் உரிமைத்தொகை கேட்காமல் விட்டுக்கொடுத்தது. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான். தனி உடைமையாகவே இருந்திருந்தால் அந்தப் பூட்டு ஒரு நிறுவனத்தின் கெட்டிக்காரத்தனமாக மட்டும் மிஞ்சியிருக்கும். எல்லாப் பெட்டிக்கும் எல்லா வண்டிக்கும் பொருந்தியதால்தான் அதற்கு மதிப்பு.

பொதுவுக்கு வந்த பூட்டு சுலபமாகத் தேறிவிடவில்லை. 1965-இல் ஹேக் நகரில் கூடிய சர்வதேசத் தரக் குழு அமெரிக்க வடிவத்தைத் தழுவி ஒரு மூலைக்கட்டியை ஏற்றது. பிறகு நடந்த சோதனைகளில் அது பாரம் தாங்காது என்று தெரிந்தது. 1967-இல் லண்டனில் பொறியாளர்கள் உட்கார்ந்து எஃகைத் தடிப்பாக்கி, வடிவத்தைத் திருத்தினார்கள். அதற்குள் செய்து ஓடவிட்ட பெட்டிகளின் மூலைகளை மாற்ற வேண்டியதாயிற்று. செலவுக்கு அஞ்சி அன்று விட்டிருந்தால், இன்றும் நாம் பலவீனமான மூலையோடுதான் வாழ்ந்துகொண்டிருப்போம்.

இன்றைய மூலைக்கட்டி சுமார் 178 மில்லிமீட்டர் நீளம், 162 அகலம், 118 உயரம். அதன் மேல் கீழ் முகங்களில் உள்ள துளை 124-க்கு 63.5 மில்லிமீட்டர். பூட்டின் தலையும் அதே நீள்வாக்கில்தான் இருக்கும். நேராக இருக்கும்போது நுழையும். 90 பாகை திரும்பியதும், துளையில் குறுக்காகிவிட்ட சட்டைப் பொத்தானைப் போல வெளிவர மறுக்கும். திருகு கிடையாது, ஸ்பானர் கிடையாது. கைப்பிடி நிற்கும் திசையைப் பார்த்தாலே பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று தெரியும். கப்பலின் மேல்தளத்தில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே தனிப் பூட்டுகளை வைப்பார்கள். அதோடு இரும்புக் கம்பிகளைக் குறுக்காக மாட்டி இறுக்குவார்கள். அத்தனைக்குப் பிறகும் கடல் சில நேரம் வென்றுவிடுகிறது. 2020 நவம்பரில் ‘ஒன் ஏபஸ்’ என்ற கப்பல் பசிபிக் புயலில் 1,816 பெட்டிகளை இழந்தது.

நம் ஊருக்கு இந்தப் பூட்டு 1970-களில் கப்பலேறி வந்தது. 1973-இல் கொச்சி, முதல் கன்டெய்னர் கப்பலை வரவேற்றது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் திறந்தார்கள். இன்று துறைமுகச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் ஓட்டுநர்களுக்கும் கிளீனர்களுக்கும் டான்ட்லிங்கர் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் பூட்டின் குணம் தெரிந்திருக்க வேண்டும். வளைவில் வண்டி வேகமாகத் திரும்பினால் பெட்டி வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். உள்பக்க மூலைகள் மேலே எழும். அப்போது பெட்டியை இழுத்துப் பிடிப்பது உள்பக்கத்து இரண்டு லாக்குகள். பக்கத்து யார்டுதானே என்று அவற்றைத் திருப்பாமல் போனால், பிடிக்க வேண்டியது பிடிக்காது. துருவேறிய லாக், கழுத்து தேய்ந்த லாக், பாதி மட்டும் திரும்பிய லாக் எல்லாம் திறந்த லாக்குக்குச் சமம்தான். நான்கும் பூட்டியிருந்தாலும் வேகத்தின் குற்றத்தை அவை மன்னிக்காது; பெட்டியோடு சேர்ந்து வண்டியே கவிழும். மறுபக்க ஆபத்தும் உண்டு. க்ரேன் தூக்கும்போது ஒரு லாக் திறக்காமல் இருந்தால், பெட்டியோடு லாரியும் தரையை விட்டு எழும்பும். சரியாகப் பிடிப்பது எவ்வளவு முக்கியமோ, சரியாக விடுவதும் அவ்வளவு முக்கியம்.

கன்டெய்னருக்கு வெளியேயும் இந்தப் பாடம் செல்லும். தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி, நடமாடும் உணவுக்கடை என்று கழற்றி மாட்டும் கூண்டுகளை நம் ஆட்கள் வண்டித் தளத்தில் ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்தளத்தில் படுக்கை, அடுப்போடு ஒரு சிறு வீட்டையே ஏற்றி ஊர் சுற்றுகிறார்கள். அவர்கள் எல்லோரும் கொக்கி வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை அந்த நான்கு மூலைகள் கற்றுத் தருகின்றன. விசை போய்ச் சேரும் இடம் வண்டியின் சேசிஸா, வெறும் தகடா? தகட்டில் ஓட்டை போட்டு மாட்டிய கொக்கி, தன் வலுவை நிரூபிக்கும் முன்பே தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கூண்டில் கொக்கி மாட்டும் இடத்துக்கும் அதன் எலும்புச் சட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறதா? சாலையில் வண்டி முறுகும்போது அந்தப் பிடிப்பு சற்றே இடம் கொடுக்குமா? பூட்டியிருக்கிறதா என்று நடந்து சுற்றிவரும்போதே கண்ணுக்குத் தெரியுமா? அவசரத்தில் ஒருவர் தனியாக அதை விடுவிக்க முடியுமா?

79 காப்புரிமைகள் பெற்ற டான்ட்லிங்கர் 2011-இல் தன் 92-ஆம் வயதில் மறைந்தார். பூட்டின் வடிவத்தை உலகுக்கு இலவசமாகக் கொடுத்தாயிற்று. கைப்பிடியைத் திருப்பும் பொறுப்பை மட்டும் ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் ஏற்க வேண்டும். வண்டியை எடுக்கும் முன் நான்கு மூலைகளையும் சுற்றிவந்து பார்ப்பதை நம் லாரித்தொழில் கட்டாயப் பழக்கமாக்க வேண்டும். அதற்கான சில நிமிடங்களையும் சேர்த்தே முதலாளிகள் வாடகையும் நேரமும் கணக்கிட வேண்டும்.