சுழியைத் தொடாத மின்னோட்டம்

1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்ரயில் ஓடியது. அதை இயக்கியது 1500 வோல்ட் நேர்திசை மின்னோட்டம். அம்மின்னோட்டத்தைச் செலுத்துவது எளிது. பழுது நேர்கையில் துண்டிப்பதே அரிது.

50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை சுழியைக் கடக்கிறது. தொடுமுனைகள் விலகும்போது எழும் மின்வில் அத்தருணத்தில் அணைய வாய்ப்புண்டு. நேர்திசைக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே ரயில்வேயின் அதிவேக சர்க்யூட் பிரேக்கர்கள் காந்தப்புலத்தால் மின்வில்லை நீட்டிக் குளிர்வித்தே அணைத்தன.

2016க்குள் மும்பைப் புறநகர்ப் பாதைகள் 25,000 வோல்ட் மாறுதிசைக்கு மாறின. ஆயினும் சூரியத் தகடுகளையும் மின்கலங்களையும் இணைக்கும் மைக்ரோகிரிட்டுகளின் வழியே நேர்திசை மின்னோட்டம் திரும்பி வந்தது. சென்னை ஐஐடி வீடுகளுக்கென உருவாக்கிய அமைப்பு 48 வோல்ட்டைத் தேர்ந்தது. அங்கே மின்னதிர்ச்சியின் ஆபத்து குறைவு. பெரிய வளாகங்களுக்கு 380 வோல்ட் போன்ற உயர் அழுத்தம் வேண்டும். அங்கே பழைய சிக்கல் மேலும் கடுமையாகிறது. குறுக்குச்சுற்று நேர்ந்தால் மின்மாற்றுக் கருவிகளின் மின்தேக்கிகள் சில மில்லிவினாடிகளுக்குள் பெரும் மின்னோட்டத்தைக் கொட்டிவிடும். இயந்திர பிரேக்கர் அதற்குள் திறந்து முடிக்காது. குறைக்கடத்தி பிரேக்கர்கள் மைக்ரோவினாடிகளில் துண்டிக்கும். ஆனால் இயல்பான ஓட்டத்தின்போதும் ஆற்றலை வெப்பமாக இழக்கும்.

நேர்திசையின் ஆதாயமே ஆற்றல் சேமிப்புதான். அச்சேமிப்பைப் பாதுகாப்பே தின்றுவிடாமல் காப்பது எவ்வாறு என்பதே இன்றைய ஆய்வின் மையக் கேள்வி.