காற்றில் வந்த குரலும் கம்பியில் வந்த மின்சாரமும்

துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் மிதியைக் கையாற் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழ்ந்தார்கள். அது வெகுகாலத்துக்கு முந்திய செய்தியன்று. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நாட்டின் மின்வழியிலிருந்து துண்டிக்கப்பட்டன. வானொலிக்கு வேண்டிய உலர் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெய் அருமையாயிற்று, ஜாம் போத்தலில் திரியிட்ட சிறு சுடரிலே பிள்ளைகள் பாடம் படித்தார்கள். செய்தி நேரம் நெருங்கியதும், சில்லில் உராயும் டைனமோவை ஒருவர் சுழற்ற, ஏனையோர் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்வார்கள். சுழற்றும் கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும்.

இதிலே சிந்திக்கத்தக்க புதுமையொன்று உண்டு. தொலைவிலிருந்து புறப்பட்ட குரல், கம்பி எதுவுமின்றி, எந்தச் சோதனைச் சாவடியிலும் தடைபடாமல் அந்தக் குடிசை முற்றத்தை வந்தடைந்தது. அதனைக் கேட்பதற்கு வேண்டிய மின்சாரமோ வரவில்லை. குரல் வந்த வழியிலே மின்சாரமும் வரலாகாதா? இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

ஒரு கம்பிச்சுருளில் மாறும் மின்னோட்டம், அதனைத் தொடாத இன்னொரு சுருளிலும் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்தார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போசு, சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலையைக் கொண்டு, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்து காட்டினார். நிக்கொலா தெஸ்லாவின் கனவோ இவற்றினும் பெரிது. உலகமெங்கும் கம்பியின்றி மின்சாரம் வழங்க எண்ணிய அவர், 1901இல் நியூயோர்க்குக்கு அருகே வார்டன்கிளிவ் என்னுமிடத்தில் கோபுரம் எழுப்பத் தொடங்கினார். செல்வர் ஜே. பி. மோர்கன் மேலும் பணந்தர மறுத்தார்; வேலை நின்றது; 1917இல் கோபுரம் இடிக்கப்பட்டது.

ஆயினும், அலை சக்தியைச் சுமந்து வருகின்றது என்பது பொய்யன்று. 1925இல் கொழும்பில் ஒலிபரப்பு ஆரம்பமான காலத்திலே வழங்கிய படிக வானொலியே அதற்குச் சான்று. அதற்கு மின்கலம் தேவையில்லை. நீண்ட வான்கம்பி பற்றித்தரும் அலையின் சக்தியே காதணியை ஒலிக்கச் செய்தது. ஆனால் அந்தச் சக்தி, ஒரு வாட்டின் பத்து இலட்சத்தில் சில பங்கே. அருகிலுள்ள நிலையத்தைக் காதோடு வைத்துக் கேட்க அது போதும். தொலைநிலையத்தின் மெல்லிய குரலைப் பெருக்கி, வீடு முழுவதும் கேட்கச் செய்யப் போதாது. ஆகையாலேதான் வன்னியிலே, ஏறத்தாழ 3 வாட் தரும் டைனமோ தேவைப்பட்டது.

அலையிலிருந்து கிடைப்பது ஏன் இத்துணைச் சிறிது? விளக்கின் ஒளி போலவே, எத்திசையும் பரவும் அலை தூரம் செல்லச் செல்ல ஐதாகின்றது. தூரம் இரட்டித்தால் வலிமை நான்கிலொன்றாகும். அறையின் ஒரு மூலையில் 1 வாட் சக்தியை எங்கும் பரப்பும் கருவி இருக்கின்றதெனக் கொள்வோம். 5 மீற்றர் தொலைவிலுள்ள கைத்தொலைபேசியின் மீது விழுவது ஏறத்தாழ முப்பதினாயிரத்தில் ஒரு பங்கே. 15 வாட்-மணி கொள்ளும் மின்கலத்தை அதனால் நிரப்ப ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் செல்லும்.

அப்படியானால் அலையைச் சிதறவிடாமல் ஒருமுகப்படுத்தலாமே? அதுவும் செய்து பார்க்கப்பட்டது. 1964இல் வில்லியம் பிரவுன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், நுண்ணலைக் கற்றையால் சிறு ஹெலிகொப்டரைப் பறக்கவிட்டார். 1975இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்ரோனில், ஏறத்தாழ 1.6 கிலோமீற்றருக்கு அப்பால் 30 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் பெறப்பட்டது. அதற்கு 26 மீற்றர் அகலமுள்ள பெருங்கிண்ண வான்கம்பி வேண்டியிருந்தது. 2007இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார், ஒத்ததிரும் இரு சுருள்களால் 2 மீற்றர் தொலைவில் 60 வாட் விளக்கை எரித்தனர். வழியிலே பாதிக்கு மேற்பட்ட சக்தி வீணாயிற்று.

பாதுகாப்பு என்னும் கேள்வி இங்கேதான் எழுகின்றது. வீட்டு அறையிலே மனிதர் நடமாடுவர், குழந்தை தவழும். வலிய நுண்ணலை உடலின் திசுக்களைச் சூடாக்கும். கண்ணின் வில்லை எளிதிற் கெடக்கூடியது. ஆகவே, பொதுமக்கள்மீது படும் நுண்ணலை 1 சதுர மீற்றருக்கு 10 வாட்டை மிஞ்சலாகாது என்று பன்னாட்டு நிபுணர்கள் வரையறுத்துள்ளனர். அந்த எல்லைக்குள் நின்றால், கைத்தொலைபேசியின் சிறு முகத்திற் படுவது 0.1 வாட்டே. சிறிதும் வீணாகாவிடினும், மின்கலம் நிரம்ப ஆறு நாள்களுக்கு மேலாகும். விரைவாக நிரப்ப விரும்பினால் எல்லையைப் பலமடங்கு கடக்கவேண்டும்.

இன்று மேசைமேல் வைத்துத் தொலைபேசிக்கு மின்னேற்றும் தட்டுகள் பெருகியுள்ளன. அவை பரடே கண்ட தூண்டலின் வழிவந்தவை. சுருள்கள் சில மில்லிமீற்றர் இடைவெளியில் இருப்பதாலேயே அவை பயன்படுகின்றன. அவற்றுக்கும் எச்சரிக்கை உண்டு: இடையில் உலோகத் துண்டு அகப்பட்டாற் சூடேறும், இதயமுடுக்கி பொருத்தியவர்கள் அவற்றை நெஞ்சிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும்.

நெடுந்தூரம் மின்னேற்றும் அதிசயக் கருவியென்று எவரேனும் கூறினால் கேட்கவேண்டியவை மூன்று: எவ்வளவு அனுப்பப்படுகின்றது, எவ்வளவு வந்து சேர்கின்றது, எஞ்சியது எங்கே போகின்றது? உணரிகளையும் சிறு கடிகாரங்களையும் இயக்க அலையின் சக்தி போதியதாகலாம்; வீட்டை ஒளிரச்செய்யப் போதாது.

2009இல் போர் முடிந்தபின், வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு 132,000 வோல்ட் மின்வழி மீண்டும் அமைக்கப்பட்டது. கோபுரங்கள் எழுந்தன, கம்பிகள் இழுக்கப்பட்டன. காற்று அந்த மக்களுக்குக் குரலை மட்டுமே கொண்டுவந்து கொடுத்தது. மின்சாரத்தை முன்பு அவர்களுடைய கை கொடுத்தது. பின்பு கம்பி கொடுத்தது.