மரம் வெட்டாத கோடாலி

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் சையது ஆல்வி சாலையில் இருக்கிறது முஸ்தபா சென்டர் என்னும் கடை. ஊருக்குப் புறப்படுகிறவர்களின் கூடையை அங்கே எட்டிப் பார்த்தால், சாக்லேட்டுக்கும் சோப்புக்கும் நடுவில் கோடாலி கிடக்கும். இரும்புக் கோடாலி அல்ல. விரல் உயரக் கண்ணாடிப் புட்டி. அதன் சீட்டில் சின்னதாக ஒரு கோடாலிப் படம். தமிழ்நாட்டு வீடுகளில் அதற்குக் கோடாலித் தைலம் என்று பெயர்.

இதன் சொந்த ஊர் சிங்கப்பூரேதான். 1928இல் லியுங் யுன் சீ தொடங்கிய லியுங் காய் ஃபூக் நிறுவனத்தின் சரக்கு இது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பல மொழிக்காரர் கூடிய துறைமுக நகரத்தில், எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் படம் புரியும். புலிப் படம் போட்ட தைலமும் அப்படித்தான் பிழைத்தது. மலாயில் இது 'மின்யாக் சாப் காப்பாக்'. காப்பாக் என்றால் கோடாலி. சாப் என்பது முத்திரையைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்.

தமிழில் கோடாலி என்ற கருவிக்குப் பழம்பெயர்கள் பல. சங்கப் பாடல்களில் காவல்மரங்களை வெட்டிச் சாய்ப்பது நவியம்; அதற்கு நீண்ட காம்பு. கணிச்சியும் மழுவும் சிவனுக்குரியவை. ஒரு கையில் மான், மறு கையில் மழு. விறகு பிளக்கும் சிறியது கைக்கோடாலி. கோடரி என்பதைக் கோடு (மரக்கிளை), அரி (வெட்டு) எனப் பிரித்துப் பொருள் சொல்பவர் உண்டு. வடமொழிக் குடாரத்தோடு சேர்த்துப் பார்ப்பவரும் உண்டு. கன்னடத்தின் கொடலியும் தெலுங்கின் கொட்டலியும் பக்கத்து வீட்டுச் சொந்தங்கள்.

சொல் மரத்தோடு நிற்கவில்லை. பெண்கள் கூந்தலைச் சுருட்டிப் போட்டால் அது கோடாலி முடிச்சு. இனத்தைக் காட்டிக்கொடுப்பவன் கோடாலிக்காம்பு. வெட்டும் இரும்புக்குப் பிடி கொடுப்பதும் மரம்தானே!

'தைலம்' இன்னும் வேடிக்கை. திலம் என்றால் எள். எள்ளிலிருந்து வந்தது தைலம். எள்+நெய்தான் நம் எண்ணெயும். ஆனால் புட்டியைத் திறந்தால் மூக்கில் ஏறுவது மெந்தாலும் யூகலிப்டஸும் கற்பூரமும். இரண்டு சொட்டு நெற்றியில் தேய்த்தால் முதலில் சில்லென்று இருக்கும், பிறகு கண் கரிக்கும்.

அடுக்குமாடி வீட்டில் விறகும் இல்லை, அதைப் பிளக்கக் கருவியும் தேவையில்லை. ஆனாலும் கோடாலி வீட்டில்தான் இருக்கிறது, கைப்பையிலும் சட்டைப்பையிலும். தமிழ் அகராதிக்காரர்கள் 'கோடாலி'க்கு எதிரே இன்னும் ஒரு பொருளைச் சேர்க்கலாம்: தலைவலிக்கு நெற்றியில் தடவுவது.