பங்காளி முகம் தெரியாத பங்கு

1602-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஆம்ஸ்டர்டாமில் நெஸ் என்ற தெருவில், டிர்க் ஃபான் ஓஸ் என்ற வணிகரின் வீட்டுக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். உள்ளே ஒரு பேரேடு திறந்து கிடந்தது. கிழக்கே மிளகுக்கும் கிராம்புக்கும் கப்பல் அனுப்பப்போகும் புதிய கம்பெனிக்கு யார் எவ்வளவு பணம் போடுகிறார்கள் என்று அதில் பதிந்தார்கள். மாதக் கடைசியோடு கெடு முடிகிறது. அந்நகரில் மட்டும் 1,143 பேர் பெயர் கொடுத்தார்கள். பெருவணிகர் ஐசக் லெ மேர் பெயருக்கு எதிரே 85,000 கில்டர். அந்த வீட்டில் வேலை பார்த்த நேல்ட்கென் கொர்னேலிஸ் என்ற பெண்ணின் பெயருக்கு எதிரே 100 கில்டர்.

பங்குச் சந்தை பிறந்த கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இந்த வேலைக்காரப் பெண்ணைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். எனக்கோ அந்தப் பேரேட்டின் முதல் பக்கத்தின் மேல்தான் கண். அங்கே ஒரு சிறு விதி எழுதியிருந்தது: தன் பெயரில் உள்ள தொகையை வேறொருவருக்குக் கொடுக்க விரும்புகிறவர் கணக்கப்பிள்ளையிடம் வந்து பெயரை மாற்றிக்கொள்ளலாம். பட்டா மாற்றுவதைப் போன்ற ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். அந்தச் சிறு விதி உலகத்தையே வளைத்துப்போட்டதற்குப் பின்னால் ஒரு ராஜாவின் பிடிவாதமும் ஒரு நீண்ட போரும் இருக்கின்றன.

பங்கு என்பது நமக்குப் பழைய சொல். ஆனால் நம் பேச்சில் பங்கு தனியாக வராது. பின்னாலேயே பங்காளியும் வருவான். கிணற்றில் பங்கு, தோப்பில் பங்கு, குலதெய்வப் பூசையில் பங்கு என்று எதை எடுத்தாலும் மறுபங்குக்காரன் யார், அவன் அப்பன் யார், அவனோடு நமக்கு என்ன வழக்கு என்பதெல்லாம் அத்துப்படி. அக்கால ஐரோப்பிய வணிகர்களும் பெரும்பாலும் அப்படித்தான். தெரிந்தவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கப்பலுக்குப் பணம் போடுவார்கள். கப்பல் திரும்பியதும் சரக்கை விற்று, லாபத்தைப் பிரித்து, கணக்கை முடித்துவிட்டுக் கலைந்துபோவார்கள். அடுத்த கப்பலுக்கு அடுத்த கூட்டு. 1600-ல் லண்டனில் தொடங்கிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிகூட ஆரம்பத்தில் பயணத்துக்குப் பயணம்தான் பணம் திரட்டியது.

டச்சுக்காரர்களை இந்தப் பழக்கத்திலிருந்து வெளியே தள்ளியவர் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப். இன்றைய நெதர்லாந்தும் பெல்ஜியமும் அவருக்குத் தந்தைவழி வந்த சொத்து. அவரோ தீவிரக் கத்தோலிக்கர். அங்கே சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேர்விட்டிருந்தது. போதாக்குறைக்கு வரிச்சுமை. 1568-ல் போர் மூண்டது. 1581-ல் வட மாகாணங்கள், இனி பிலிப் எங்களுக்கு அரசர் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டன. அதற்கு ஓராண்டு முன்புதான் போர்ச்சுகல் அரச குடும்பத்தில் நேர் வாரிசு இல்லாமல் போக, அந்த மகுடமும் பிலிப்பிடம் வந்து சேர்ந்திருந்தது.

மகுடத்தோடு லிஸ்பன் துறைமுகமும் வந்தது. வாஸ்கோ ட காமா கடல்வழி கண்டதிலிருந்து கிழக்கின் மிளகு லிஸ்பனில் வந்து இறங்கும். அதை வாங்கி வட ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் விற்றவர்களில் டச்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். தன்னை எதிர்ப்பவர்களின் வயிற்றில் அடிக்க நினைத்த பிலிப் அவர்களுடைய கப்பல்களைப் பிடித்தார்; வணிகத்துக்குத் தடை போட்டார், தளர்த்தினார், மறுபடியும் போட்டார். 1585-ல் அவருடைய படை ஆன்ட்வெர்ப்பைக் கைப்பற்றியதும் அந்தப் பெரிய சந்தை நகரத்தின் வணிகர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே வந்தார்கள். நெஸ் தெரு ஃபான் ஓஸும் லெ மேரும் அப்படி வந்தவர்கள்தான். லிஸ்பன் கடை அடைத்தால் தோட்டத்துக்கே போய் வாங்கிக்கொள்வோம் என்று ஆம்ஸ்டர்டாம் முடிவுசெய்தது.

வழி தெரிய வேண்டுமே? கோவாவில் பேராயரிடம் செயலராக இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், போர்ச்சுகீசியர் பொத்திப் பொத்தி வைத்திருந்த கடல்வழிக் குறிப்புகளோடு ஊர் திரும்பி அவற்றை அச்சேற்றினார். 1595-ல் நான்கு கப்பல்கள் புறப்பட்டன. போனவர்கள் 249 பேர். 1597-ல் திரும்பியவர்கள் 90-க்கும் குறைவு. லாபம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் போய்வர முடியும் என்பது தெரிந்துவிட்டது. 1598-ல் கிளம்பிய ஃபான் நெக்கின் கப்பல்கள் மிளகை நிரப்பிக்கொண்டு திரும்பியதும், போட்ட பணத்துக்குப் பல மடங்கு லாபம் வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஊருக்கு ஊர் கம்பெனி முளைத்தது. 1601-க்குள் 65 கப்பல்கள் கிழக்கே போயிருந்தன. ஜாவாவின் பாண்டம் துறைமுகத்தில் டச்சுக்காரனே டச்சுக்காரனை முந்திக்கொண்டு மிளகு விலையை ஏற்றினான். ஊருக்குக் கொண்டுவந்து போட்டிபோட்டு விற்று விலையை இறக்கினான்.

இப்படியே போனால் ஸ்பெயினுக்குத்தான் கொண்டாட்டம் என்று கண்டவர் ஹாலந்தின் முதன்மை அரசியல்வாதி ஓல்டன்பார்னஃபெல்ட். கம்பெனிகளை உட்காரவைத்துப் பேசிப் பேசி ஒன்றாக்கினார். 1602 மார்ச் 20-ல் ஒருங்கிணைந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்தது. டச்சு எழுத்துகளில் சுருக்கினால் வி.ஓ.சி. நமக்கு அந்த மூன்றெழுத்தைக் கேட்டால் தூத்துக்குடிக்காரர் ஒருவர் நினைவுக்கு வருவார். அவரும் 1906-ல் கப்பல் கம்பெனிக்குப் பங்கு விற்றவர்தான் என்பது வரலாற்றின் குறும்பு.

டச்சு வி.ஓ.சி.க்கு நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே 21 ஆண்டுகளுக்கு ஏகபோகம். கோட்டை கட்டலாம், படை வைக்கலாம், மன்னர்களோடு ஒப்பந்தம் செய்யலாம். பெயர்தான் கம்பெனி, பிலிப்பின் வாரிசுகளோடு கடலில் மோதுவதற்கு வணிகர்கள் பணத்தில் கட்டிய படை அது. பட்டயத்தில் பணம் போடுகிறவர்களுக்கு இரண்டு உறுதிகள் இருந்தன. ஒன்று, நாட்டில் வசிக்கும் எவரும், தொகை சிறிதோ பெரிதோ, சேரலாம். இரண்டு, பத்தாண்டு முடிந்ததும் பொதுக்கணக்கு காட்டப்படும்; வேண்டாம் என்பவர் பணத்தோடு விலகிக்கொள்ளலாம். இதை நம்பி ஆறு நகரங்களில் சேர்ந்த மொத்தத் தொகை 64 லட்சம் கில்டருக்கும் மேல்.

பத்தாண்டு என்பது அந்நாள் வழக்கத்துக்கு மிக நீளம். அதற்குள் மகள் கல்யாணம் வரும், கடன் கழுத்தை நெரிக்கும், பணம் போட்டவரே போய்ச் சேர்ந்துவிடலாம். முதல் பக்கத்து விதிக்கு அதனால்தான் வேலை வந்தது. விற்பவரும் வாங்குபவரும் கணக்கப்பிள்ளை முன்னால் போய் நிற்பார்கள். இரண்டு இயக்குநர்கள் ஒப்புக்கொண்டதும், ஒருவர் கணக்கில் கழித்து மற்றவர் கணக்கில் ஏற்றுவார்கள். கையில் கொடுத்து வாங்கப் பத்திரம் கிடையாது. பேரேட்டில் உள்ள வரிதான் பங்கு. இன்றைய டிமேட் கணக்கும் ஏறத்தாழ இதே கதைதான். 1603 மார்ச் மாதமே முதல் கைமாற்றம் பதிவாகிவிட்டது. தானியமும் சரக்கும் விலை பேசப்பட்ட புதுப்பாலத்தில் கம்பெனிப் பங்கும் விலை பேசப்பட்டது.

இதற்கிடையில் கிழக்கே போன பணத்துக்கு என்ன ஆயிற்று? 1605-ல் கம்பெனி கிராம்புத் தீவான அம்போனை போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது. பிடித்ததைக் காக்கக் கோட்டை வேண்டும். கோட்டைக்குப் பீரங்கி வேண்டும். பீரங்கிக்கு ஆள் வேண்டும். தீவுக்காரர்கள் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் பதிலாகக் கேட்டது சோழமண்டலக் கரையின் துணியை. அதற்காக 1610-ல் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் பண்டகசாலை வைத்தார்கள். 1612-ல் போர்ச்சுகீசியர் வந்து அதை அழித்தார்கள். 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. மிளகாக மாறித் திரும்பியிருக்க வேண்டிய பணம் பீரங்கியாகவும் செங்கல்லாகவும் மாறி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பழவேற்காட்டுச் சுவரில் எத்தனை கல்லைப் பெயர்த்தால் நேல்ட்கெனின் 100 கில்டர் வரும்?

இதை முதலில் மோப்பம் பிடித்தவர் அந்த 85,000 கில்டர்காரர். லெ மேருக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு முற்றி 1605-லேயே அவர் இயக்குநர் பதவியை விட்டு வெளியேறியிருந்தார். 1609 வாக்கில் சில கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு வேலை பார்த்தார். தன்னிடம் இல்லாத பங்கை, இன்ன நாளில் இன்ன விலைக்குத் தருகிறேன் என்று விற்றார். அந்த நாளுக்குள் விலை சரிந்தால் மலிவாக வாங்கிக் கொடுத்துவிட்டு மீதியைப் பையில் போட்டுக்கொள்ளலாம். விலை தானாகச் சரியாதல்லவா? கம்பெனி கவிழப்போகிறது என்று வதந்தி பரவியது. நம் தரகர்கள் ‘ஷார்ட் அடிக்கிறது’ என்கிறார்களே, அதற்கு வயது நானூறுக்கு மேல்.

இயக்குநர்கள் அலறினார்கள். விதவைகளும் அனாதைகளும் போட்ட பணம் நாசமாகிறது என்று அரசிடம் முறையிட்டார்கள். நிர்வாகம் சரியில்லை, அதனால்தான் விலை இறங்குகிறது என்று எதிர்த்தரப்பு சொன்னது. 1610 பிப்ரவரியில், கையில் இல்லாத பங்கை விற்கக் கூடாது என்று ஆணை வந்தது. ஆணை ஏட்டில் இருந்தது; வியாபாரம் பாட்டுக்கு நடந்தது. லெ மேர் 1624-ல் இறந்தார். அவருடைய கல்லறைக் கல், கடவுள் இவரை எவ்வளவு ஆசீர்வதித்தார் என்பதற்குக் கணக்குச் சொல்கிறது: 30 ஆண்டுகளில் 15 லட்சம் கில்டருக்கும் மேல் இழந்தாராம், மானம் மட்டும் போகவில்லையாம்.

பங்குதாரர்களின் முணுமுணுப்பை அடக்க, எட்டு ஆண்டுகளில் முதல்முறையாக 1610-ல் கம்பெனி ஈவுத்தொகை கொடுத்தது. போட்ட தொகையில் 75 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொடுத்தது ஜாதிபத்திரியாக. பிரியாணிக்கு ஒரு சிட்டிகை போடுகிறோமே, அதேதான். 100 கில்டர் போட்டவருக்கு 75 கில்டர் மதிப்புள்ள ஜாதிபத்திரி. மதிப்புப் போட்டதும் கம்பெனியே. மூட்டையை வாங்கிய எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்குப் போனால் விலை என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பலர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள்.

1612 வந்தது. பட்டயம் சொன்ன கணக்கு காட்டப்படவில்லை, மூலதனம் கலைக்கப்படவில்லை. போர் நடத்தும் கம்பெனி கலைந்தால் நாட்டுக்கு ஆபத்து என்பதால் அரசும் அதற்குத் துணைநின்றது. 1622-ல் பங்குதாரர்கள் துண்டுப்பிரசுரம் அடித்துத் திட்டினார்கள். அடுத்த ஆண்டு பட்டயம் புதுப்பிக்கப்பட்டது, பணம் உள்ளேயே இருந்தது. போட்டவருக்கு வெளியேற ஒரே வழிதான் மிஞ்சியது: தன் இடத்தில் இன்னொருவரை உட்காரவைத்துவிட்டுத் தான் எழுந்துபோவது. அதற்கு வாங்க ஆள் வேண்டும், விலை தெரிய வேண்டும், கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். 1611-ல் ஹென்ட்ரிக் டி கெய்ஸர் கட்டிய புதிய சந்தைக் கட்டடம் திறந்ததும் பங்கு பேசுவோருக்கும் ஒரு கூரை கிடைத்தது. போட்ட பணத்தைக் கம்பெனி ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தால் இந்தக் கூட்டத்துக்கு அங்கே இவ்வளவு வேலை இருந்திருக்காது.

பங்காளி மறைந்ததும் அப்படித்தான். இன்று காலை யார் என் மறுபங்குக்காரர் என்று எவருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. பங்காளிச் சண்டை இல்லாத பங்கு என்று மகிழலாம். ஆனால் முகம் தெரியாமல் போனது பங்காளிக்கு மட்டும் இல்லை. அந்த ஜாதிபத்திரி விளைந்தது பாண்டா தீவுகளில். அங்கே ஏகபோகம் கேட்டுப் போன கம்பெனியின் ஆளுநர் யான் பீட்டர்ஸோன் கூன், 1621-ல் படையெடுத்துத் தீவுகளை அழித்தார். சுமார் 15,000 பேர் இருந்த இடத்தில் ஆயிரம் பேரளவே மிஞ்சினர் என்பது மதிப்பீடு. தோட்டங்களில் வேலை செய்ய அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் பங்கு வைத்திருந்தவர் கத்தி எடுக்கவில்லை, அந்தத் தீவைப் பார்த்ததுகூட இல்லை. பேரேட்டில் அவர் பெயருக்கு எதிரே எண் மட்டும் இருந்தது.

2010-ல் ஹோர்ன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் வரலாற்று மாணவர் ஒருவர் ஒரு பழைய தாளைக் கண்டெடுத்தார். என்க்ஹௌசன் நகரில் பீட்டர் ஹார்மன்ஸ் என்பவர் 150 கில்டர் கட்டி முடித்ததற்காக 1606 செப்டம்பர் 9-ல் எழுதிக் கொடுத்த சீட்டு அது. கைமாற்றும் பத்திரம் அல்ல, ரசீதுதான்; ஆனாலும் நமக்குத் தெரிந்த பங்குப் பத்திரங்களில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். 1650 வரை வந்த ஈவுத்தொகைகள் அதிலே குறிக்கப்பட்டிருக்கின்றன. கம்பெனி 1799-ல் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது.

இன்று கைபேசியில் ஒரு பங்கை விற்கிறோம். பணம் கம்பெனியின் பெட்டியிலிருந்து வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். கம்பெனி ஒரு பைசாவும் எடுத்துக் கொடுப்பதில்லை. எங்கோ ஓர் ஊரில், நாம் எழுந்துபோகும் இடத்தில் உட்காரத் துணிந்த இன்னொருவர் கொடுக்கிறார்.